மாப்ளே, ரெக்கையும் ஒண்ணு மாட்டிக்கோ

வா மாப்ளே, உக்காரு. என்ற தங்கச்சி கட்டுத்தறியில நின்ன எருமையை வித்துப்போட்டு, அந்த எடத்துல நீ சொந்தமாக் காரு கட்டறதா ஊரே பேசுது. பாலு குடுக்கறதை வித்துப் பெட்ரோல் குடிக்கறதை வாங்கியிருக்கற. கணக்குத் தெரிஞ்ச புள்ளதான் நீ.

போன்ல காட்டினியே, மூக்கு நீண்ட ரெண்டு சீட்டு வண்டி, லோட்டஸ் செவன், அது 1957ல இங்கிலாந்துல காலின் சாப்மன் கொண்டாந்தது. அப்போ அங்க முழுக் காரா வித்தா வரி. பாகம் பாகமா வித்து, வாங்கினவன் வீட்டுல பூட்டிக்கிட்டா அந்த வரி இல்ல. பூட்டற வழி எழுதிக் குடுத்தாலும் வரி வந்துருமாம். அதனால கழட்டற வழியை எழுதிக் குடுத்து, கீழிருந்து மேல படிச்சுக்கோன்னு விட்டாங்கன்னு கதை சொல்லுவாங்க. அந்த மனுசன் நம்ம பக்கம் பொறந்திருக்கோணும்.

அந்த வண்டியோட சூட்சுமம் எடை இல்லாததுதான். மொத்தமே அரை டன்னு வாக்குல. வேண்டாததையெல்லாம் விட்டுத்தான் அவரு வேகத்தைக் கண்டாரு. உன்ற லிஸ்டைப் பாத்தா ஏசி, சப்வூஃபர், பதினேழு இஞ்சு வீலு, பின்னால ரெக்கை! கூரையே இல்லாத வண்டிக்கு ஏசி போட்டு நம்மூரு வெயிலையே குளுத்திப் போடலாம்னு பாக்கறயா? நீ இதுக்குன்னு தூக்கிட்டு வந்திருக்கற பழைய கார்புரேட்டர் மாருதி 800 இன்ஜின் 796 சிசி, பலம் நாப்பது குதிரைக்கும் கொஞ்சம் கீழ. அதுல நாலஞ்சு குதிரை ஏசிகிட்டயே மேய்ஞ்சுட்டு நிக்கும். ரெக்கைங்கறது காத்து அமுக்கி டயரைத் தரையோட ஒட்ட வெக்கறதுக்கு. நீ போற வேகத்துக்கு அதுல என்ற வேட்டியைக் காயப் போடலாம், தாராளமா மாட்டிக்கோ.

வீலு கதை இன்னும் ஜோரு. அந்த 800க்குக் கம்பெனி குடுத்தது 12 இஞ்சு. பதினேழை மாட்டினா டயரோட மொத்த உயரமும் ஏறிப்போகும், ஸ்பீடோமீட்டர் அறுபது காட்டறப்ப வண்டி எழுபதுல போகும். இழுக்கறதுக்கும் இன்ஜின் முக்கும், நிறுத்தறதுக்கும் பிரேக்கை எச்சா அமுக்கோணும். பிரேக்கு இன்னும் வாங்கவே இல்லையாமா? அதென்ன அவசரம், ஊருக்குள்ள வேகத்தடை இல்லையா என்ன!

இன்னொண்ணு, நீ தூக்கிட்டு வந்திருக்கற 800 கியர்பாக்ஸு முன் சக்கரத்துக்குப் பலம் குடுக்கறது. நீ கட்டறதோ பின் சக்கரம் தள்ளற வண்டி. அப்படியே பூட்டினீன்னா உலகத்துலயே யாரும் பாக்காத வண்டியாத்தான் இருக்கும். பழைய ஆம்னி ஒண்ணு தேடிப் புடி. அதே 796 சிசி இன்ஜின் நீளவாக்குல இருக்கும். புரொபெல்லர் ஷாஃப்ட், பின் ஆக்சில் எல்லாம் அதுலயே வந்துரும். சீட் பெல்ட்டைத் தகரத்துல போல்ட் போட்டு நிறுத்தாதே, சட்டத்தோட வெல்டு வெச்ச கனமான பிளேட்டுல மாட்டு. அதுக்குன்னு சட்டத்துல கண்ட எடத்துல ட்ரில் போட்டறாதே. லைட்டு எச்சா வெச்சா ரிலேயும் ஃபியூஸும் வெக்கோணும். சைலென்சரைப் பக்கவாட்டுல விட்டீன்னா அதுமேல ஒரு மறைப்புப் போடு, எறங்கறப்பக் கெண்டைக்கால் வெந்து போகும்.

அந்த ஆம்னி ஆர்சி புக்கை வெச்சு ரோட்டுல ஓட்டிக்கலாம்னு ஒரு ரோசனை உனக்கு ஓடும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி குடுத்த அமைப்பை மாத்தாதேங்குது. 2019 திருத்தத்துக்குப் பொறவு ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5000 ரூபா, இல்லீன்னா ஆறு மாசம் வரைக்கும் உள்ள, ரெண்டும் சேந்தும் கெடைக்கலாம். உன்ற லிஸ்டுல பதினாலு ஐட்டம். எழுபதாயிரம் ரூபா! எருமையைத் திருப்பி வாங்கிப்போடலாம்.

ஓட்டிப் பாக்க ஆசையா இருந்தா செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வேன்னு பந்தயத் தடம் இருக்குது, கேட்டுப் பாரு. வண்டியை டெம்போவுல ஏத்திக் கொண்டுபோகலாம். யாரு பேருல அந்த எடம்னு தெரியுமில்ல? கரிவரதன் நம்ம கோயமுத்தூர்ல இந்த மாருதி இன்ஜினை வெச்சுத்தான் ஒத்தச் சீட்டுப் பந்தயக் காரு கட்டினாரு. அதுல சப்வூஃபர் இருந்ததா நான் கேள்விப்படல.

ஒண்ணு பண்ணு. லிஸ்டை மடிச்சு என்ற கையில குடுத்துரு. பிரேக்கு, ஸ்டியரிங் ரெண்டையும் முடி, வெறும் சட்டமா ஓட்டிப் பாரு. பொறவு ஒவ்வொண்ணா மாட்டு. ஒண்ணு மாட்டினதும் ஓட்டிப் பாத்துட்டுத்தான் அடுத்தது. பிரேக்கு புடிச்சதுன்னா சொல்லி அனுப்பு, மொதல் ஆளா நான் ஏறறேன். அதுக்கு முன்னால என்னையக் கூப்புடாதே.