இலாகா இல்லாத அப்பா

2025 ஜனவரி முதல் தேதி நிலவரப்படி எங்கள் வீட்டின் சுற்றுலா, போக்குவரத்து, நிதி, செய்தி விளம்பரம் ஆகிய நான்கு துறைகளும் என் வசம் இருந்தன. உணவுத் துறை அம்மாவிடம். நான் பிறப்பதற்கு முன்பே அவர் எடுத்துக்கொண்ட துறை அது. உள்துறை மனைவியிடம். எதிர்க்கட்சி வரிசையில் மகள் ஒருத்திதான், ஆனால் ஒருத்தியே போதும். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகன் எந்தப் பக்கம் தின்பண்டம் அதிகமோ அந்தப் பக்கம். மொத்தத்தில் நிலையான ஆட்சி.

அதைக் கவிழ்த்தது ஒரு வாட்ஸ்அப் செய்தி. திருச்சியில் எங்களுடையது சின்ன வீடுதான். அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தால் வாசல் வரை கேட்கும். அந்த வீட்டில் "தோசை ஆறுது" என்று மனைவி குடும்பக் குழுவில் செய்தி போட வேண்டியிருந்தது. அதற்கும் பதிலாக மூன்று கட்டைவிரல்கள் வந்தனவே தவிர ஆள் வரவில்லை.

"இந்த வருஷம் வீட்டுல நல்லது நிறைய வருது. அத்தைக்கு எழுபது முடியுது, இவளுக்குப் பத்தாவது பரீட்சை, சின்னவனுக்குப் பல்லு ஆடுது. கேக் வெட்டி, ஸ்டேட்டஸ் வச்சிட்டு மறுபடி அவங்கவங்க மூலைக்குப் போறதுக்கு ஒரு கொண்டாட்டமா? எதுவா இருந்தாலும் வெளியில போறோம். மலை, ஆறு, காடு. சிக்னல் இல்லாத இடமா இருந்தா இன்னும் நல்லது" என்றார் மனைவி. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. என்னைக் கேட்டதாக நினைவில்லை.

காணும் பொங்கலன்று திருச்சியில் யாரையாவது தேடினால் கிடைக்க மாட்டார்கள்; முக்கொம்பில் தேட வேண்டும். ஊரே கட்டுச்சோற்றுடன் அங்கே உட்கார்ந்திருக்கும். செய்தித் துறை என் கையில் இருந்ததால் பாய் விரித்த கையோடு ஆரம்பித்தேன். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற இடம் இது, கொள்ளிடத்தின் படுகை தாழ்வு என்பதால் தண்ணீரெல்லாம் அந்தப் பக்கமே ஓடி, தஞ்சாவூர் வயல்களுக்குப் போவது குறைந்துகொண்டே வந்தது, 1830களில் ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டித்தான் அதைச் சரிசெய்தார் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து அம்மா புளியோதரைத் தூக்கைத் திறந்தார். என் கூட்டத்துக்கு வந்திருந்த ஒரே பார்வையாளனும் அந்தப் பக்கம் ஓடினான். பக்கத்துப் பாய்க் குடும்பம் சுண்டல் தர, அம்மா புளியோதரை தர, மாலைக்குள் அந்த வீட்டு மூத்த பையனின் சம்பளமும் ஜாதகமும் அம்மாவுக்குத் தெரிந்திருந்தன. செய்தி சேகரிப்பில் உண்மையான அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை நான் அப்போதே கவனித்திருக்கலாம்.

ஏப்ரலில் மகளுக்குப் பரீட்சை முடிந்ததும் கொல்லிமலை. நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. ஏறுவதற்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் போட்ட பலகை உண்டு. வயிற்றைப் புரட்டுகிறவனுக்கு இன்னும் எத்தனை பாக்கி என்று துல்லியமாகச் சொல்வது தவிர அந்தப் பலகைகளால் வேறு என்ன பயன் என்று தெரியவில்லை. பதினான்காவது வளைவில் மகன், "அப்பா, இன்னும் அம்பத்தாறு இருக்கு" என்றான். கழித்தல் கணக்கில் அவனுக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. பாராட்டுவதற்குள் வாந்தி எடுத்துவிட்டான்.

"கொஞ்சம் இறங்குங்க" என்றார் மனைவி. அப்போது நான் வல்வில் ஓரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓரி ஆண்ட மலையில் ஓரியைப் பற்றிப் பேசாமல் எப்படி ஏறுவது? "ஓரி பின்சீட்டுல பேசட்டும்" என்று சாவியை வாங்கிக்கொண்டார். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, ஹாரன் அடித்து, எதிரே பஸ் தெரிந்தால் ஒதுங்கி நின்று ஏறினார். அடுத்த நான்கு வளைவுக்குள் மகன் தூங்கிப்போனான். அம்மாவும் தூங்கினார். ஓரியின் பெருமையைக் கேட்க யாரும் விழித்திருக்கவில்லை. பதவிப் பிரமாணம், ஆளுநர் மாளிகை எதுவும் இல்லாமல் போக்குவரத்துத் துறை அந்தப் பதினான்காவது வளைவில் கைமாறியது.

மேலே அரப்பளீசுவரர் கோயில். அதன் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை அருவி. அம்மா, "எனக்கு முட்டி வலி. நான் கோயில்லயே உக்காந்திருக்கேன்" என்றார். பிறகு, "சும்மா நாலு படி எட்டிப் பாத்துட்டு வந்துடுறேன்" என்றார். நாங்கள் கீழே போய்ச் சேர்ந்தபோது அவர் குளித்து முடித்து முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தார். வெயில் காலத்தில் அருவி மெலிந்திருந்தது அவருக்கு வசதியாகப் போயிற்று.

இறங்கும்போது எல்லோருக்கும் ஒரே வயதுதான். ஏறும்போதுதான் படிகள் பிறந்த தேதியைக் கேட்கின்றன. நான் அங்கங்கே நின்று இயற்கையை ரசித்தேன். போகப் போகப் பத்துப் படிக்கு ஒரு தரம் இயற்கை அழகாகிக்கொண்டே வந்தது. மேலே முடவாட்டுக்கால் சூப் விற்கிறார்கள். பாறையில் ஒட்டி வளரும், ரோமம் மூடிய ஒரு கிழங்கு. மூட்டு வலிக்குக் கைகண்ட மருந்து என்று கடைக்காரர் சொன்னார். அம்மாவுக்காக ஒரு தம்ளர் வாங்கினோம். அம்மா அதை வாங்கி, என் முகத்தை ஒரு முறை பார்த்து, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். மகள் படம் எடுத்தாள்.

மே மாதம் ஊட்டி. பத்தாம் வகுப்பு முடிவு 19ஆம் தேதி என்று அறிவித்திருந்தார்கள். அதற்குள் போய்விட்டு வந்துவிடலாம் என்று 16ஆம் தேதிக்கு மலை ரயிலில் இடம் பிடித்திருந்தேன். முடிவு 16ஆம் தேதிக்கே முன்னால் வந்துவிட்டது. ரயிலை முன்னால் வரச் சொல்ல முடியாது. நீலகிரிக்குள் போகும் வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும் என்பதால் அதையும் முன்கூட்டியே எடுத்திருந்தேன். மேட்டுப்பாளையம் வந்த பிறகுதான், மேலே ரயிலில் போகிறவர்கள் காரை எப்படிக் கொண்டுபோவது என்று மகள் கேட்டாள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி முறையாக அனுமதி பெற்ற எங்கள் கார் சமவெளியிலேயே நிழலில் நின்றது.

காலை 7.10-க்கு ரயில் புறப்பட்டது. நாட்டில் பல்சட்டத்தைக் கவ்வி ஏறும் ரயில் பாதை இது ஒன்றுதான். குன்னூர் வரைக்கும் இன்ஜின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும். இதைச் சொன்னதும் அம்மா மருமகளை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "முன்னால இருக்கிறதுதான் இழுக்குதுன்னு நினைச்சிட்டு வர்றான் பாரு" என்றார். நான் பேச்சை மாற்றி, "இந்தப் பாதை 1899-ல..." என்றேன். "குன்னூர் வரைக்கும்தாம்ப்பா 1899. ஊட்டிக்கு 1908" என்றாள் மகள், ஜன்னலிலிருந்து தலையைத் திருப்பாமலே.

ஒன்பது மணிக்கு முடிவு வெளியானது. வெளியானது என்பது எங்கள் அனுமானம். இந்தப் பாதையில் 16 சுரங்கங்கள் இருக்கின்றன. சுரங்கத்துக்கு வெளியிலும் சிக்னல் இல்லை. நான் போனைத் தலைக்கு மேலே தூக்கினேன், ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன், எதிர்ப் பெஞ்சுக்காரரின் போனைக் கடன் வாங்கினேன். பெட்டியில் இருந்த அத்தனை பேரும் மகளின் பதிவெண்ணை மனப்பாடம் செய்துவிட்டார்கள். மகள் மட்டும் அமைதியாகக் கொய்யா தின்றுகொண்டிருந்தாள். ஹில்குரோவ் நிலையத்தில் ரயில் தண்ணீர் குடிக்க நின்றபோது அம்மாவின் பட்டன் போன் அடித்தது. திருச்சியிலிருந்து என் தங்கை. பதிவெண்ணும் பிறந்த தேதியும் பரீட்சை நடக்கும்போதே அத்தைக்குப் போயிருக்கின்றன. "468. கணக்குல 97" என்று அம்மா பெட்டிக்கே அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அந்த நொடியில் செய்தித் துறையும் போயிற்று.

அடுத்து வந்த சுரங்கத்தில் குழந்தைகள் வழக்கப்படி இருட்டுக்குள் ஓவென்று கத்தினார்கள். வெளிச்சம் வந்தபோது மகன் வாயைத் திறந்தபடியே இருந்தான். வெற்றியைக் கொண்டாட அப்பாயி கொடுத்த மணப்பாறை முறுக்கில் பாதி கையில் இருந்தது. முன்பல்லைக் காணோம். பெட்டி முழுக்கக் குனிந்து தேடியும் கிடைக்கவில்லை. ஜன்னல் வழியாகப் போயிருக்க வேண்டும். கூரையில் எறிய வேண்டிய பல் போய்விட்டதே என்று அழுதான். "அழாதடா, 2005-ல யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம்னு அறிவிச்ச இடம் இது. உன் பல்லையும் இனிமே அவங்கதான் பாத்துக்கணும்" என்றாள் அக்கா. அவன் அழுகையை நிறுத்தி, பெயர்ப்பலகை வைப்பார்களா என்று கேட்டான்.

ஜூலையில் குற்றாலம். நாங்கள் போனபோது பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டியதால் போலீசார் யாரையும் குளிக்க விடவில்லை. எண்ணெய் தேய்த்த தலையோடு ஒரு ஊரே நின்று அருவியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. வளைவுக்குள் தண்ணீர் அடங்கும் வரை அத்தனை பேருக்கும் ஒரே வேலை, கண்ணில் எண்ணெய் வழியாமல் பார்த்துக்கொள்வது. குளித்து முடித்தால் பசி கொல்லும். செங்கோட்டைப் பக்கம் புரோட்டா சாப்பிட்டோம். நாட்டுக்கோழிச் சாற்றில் ஊறப்போட்டு அளவில்லாமல் சாப்பிட்டோம். பணம் கொடுக்கும்போது என் போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைக்காரர் பார்த்தார், வரிசை பார்த்தது. அம்மா இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, நான்காக மடித்த ஐந்நூறு ரூபாய்த் தாள்களைப் பிரித்து வைத்தார்.

"இனிமே பயணக் காசு இவகிட்ட இருக்கட்டும். கணக்குல 97 வாங்கினவ" என்று மகளைக் காட்டினார் மனைவி. எதிர்க்கட்சி ஆளும் கட்சியில் சேர்ந்ததோடு நிதித் துறையையும் பெற்றது. அன்று மாலை டீ குடிக்கப் பன்னிரண்டு ரூபாய் கேட்டேன். "காலையில ஒண்ணு குடிச்சீங்களேப்பா?" என்றாள்.

புரட்டாசியில் அம்மாவுக்கு எழுபது நிறைந்தது. மிச்சமிருந்த சுற்றுலாத் துறையை வைத்துக்கொண்டு ஒரு மண்டபம், சமையல்காரர், நாதஸ்வரம் வரை பேசி வைத்திருந்தேன். "உங்கப்பா இல்லாம எனக்கு எதுக்குடா மாலை? பாம்பன்ல புதுப் பாலம் திறந்திருக்காங்களே, அதுல ரயில்ல போகணும்" என்றார் அம்மா. 1914-இல் கட்டிய பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோயிருந்தது. கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும் புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. கடலுக்கு நடுவே ரயில் மெதுவாகப் போனபோது, ஜன்னலோர இடத்துக்காகப் பேரனோடு சண்டை போட்டு அம்மா ஜெயித்தார். எழுபது வயதுக்குரிய சலுகை என்றார்.

மறுநாள் தனுஷ்கோடி. இடிந்த தேவாலயத்துக்கு முன்னால் அம்மா கொஞ்ச நேரம் நின்றார். 1964 டிசம்பரில் புயல் இந்த ஊரையும் ஒரு பயணிகள் ரயிலையும் கொண்டுபோனபோது அவருக்கு ஒன்பது வயது. "ரேடியோவுல சொன்னாங்க. எங்கப்பா அன்னிக்குச் சாப்பிடவே இல்ல" என்றார். பிறகு பக்கத்துக் கடையில் சங்கு வளையலுக்கு இருநூறு சொன்னவரை எண்பதுக்கு இறக்கினார். அரிச்சல்முனையில் முழங்கால் வரை அலையில் நின்று, அடுத்து எங்கே போகலாம் என்று கேட்டார். கேட்டது என்னை இல்லை, பேரனை. சுற்றுலாத் துறை பாட்டி, பேரன் கூட்டுப் பொறுப்புக்குப் போனது.

பேரன் டிசம்பரில் கரைவெட்டியைத் தேர்ந்தெடுத்தான். அரியலூர் மாவட்டத்து ஏரி. 2024-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வரித்தலை வாத்துகள் இமயமலையைத் தாண்டி இங்கே வரும் என்று அவனுடைய டீச்சர் சொல்லியிருக்கிறார். கரையில் உட்கார்ந்து அவன் வெகுநேரம் யோசித்தான்.

"அவ்ளோ தூரம் வருதே, பை எதுவும் இல்லையா அப்பாயி?"

"அதுங்க கூட உங்கப்பன் வரல இல்ல" என்றார் அம்மா.

மனைவி வண்டிக்குக் காற்றுப் பார்க்கப் போயிருந்தார். மகள் வருஷச் செலவைக் கூட்டிக்கொண்டிருந்தாள். என்னிடம் பொறுப்பு எதுவும் இல்லாததால் பறவைகளை நன்றாகப் பார்க்க முடிந்தது. அம்மா திடீரென்று, "குறிஞ்சி அடுத்து எப்படா பூக்கும்?" என்றார்.

"பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தரம். 2018-ல பூத்தது. அடுத்து 2030."

"நான் ஒரு தரம்கூடப் பாத்ததில்லை" என்றவர் விரல் விட்டு எண்ணினார். "எழுபதுல பூத்தப்போ பாவாடை தாவணி போட்ட பொண்ணை எவன் மலைக்குக் கூட்டிட்டுப் போவான்? எம்பத்திரண்டுல நீ வயித்துல. தொண்ணூத்தி நாலுல உனக்கு அம்மை போட்டிருந்தது. ரெண்டாயிரத்து ஆறுல உன் தங்கச்சி கல்யாணம். போன தரம் இவன் கைக்குழந்தை. வரப்போறப்போ எனக்கு எழுபத்தஞ்சு. கொடைக்கானல்ல நடந்து ஏறித்தான் பாப்பேன். யாரும் தூக்க வேணாம்."

"ஏறிடலாம்மா."

"சும்மா சொல்லாத. அதுவரைக்கும் என் முட்டி உன் பொறுப்பு."

ஒரு வருஷத்துக்குப் பிறகு எனக்கு ஒரு துறை கிடைத்தது. பதவிக்காலம் ஐந்தாண்டு. பக்கத்து வீட்டுக்காரர் பொங்கல் லீவுக்குக் கொல்லிமலை போவதாகக் கேள்விப்பட்டு, முடவாட்டுக்கால் கிழங்கு இரண்டு கிலோ சொல்லி வைத்திருக்கிறேன். அதற்கான தொகையை நிதித் துறை இன்னும் விடுவிக்கவில்லை.