காசு கொடுத்து வாங்கிய பள்ளம்

சென்னையின் தெற்கே ஒரு சாலைக்கு மூன்று பெயர். ஊர் வாயில் ஓஎம்ஆர், அதாவது பழைய மகாபலிபுரம் சாலை. 2008இல் அரசு வைத்த பெயர் ராஜீவ் காந்தி சாலை. அதில் சுங்கம் வசூலித்த கம்பெனியின் பெயர் ஐடி எக்ஸ்பிரஸ்வே லிமிடெட். பெயருக்குக் குறைவில்லை. போவதற்குத்தான் வழியில்லை.

எக்ஸ்பிரஸ்வே! இந்தப் பெயரை வைத்தவர் யாரென்று தெரிந்தால் ஒரு மாலை போடலாம். காலை எட்டரைக்கு மத்திய கைலாஷிலிருந்து அவரை ஒரு ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில் நாலாவது ஆளாக உட்காரவைத்து, சிறுசேரி வரைக்கும் அழைத்துப்போய், அங்கே போடலாம். தூரம் 20 கிலோமீட்டர்தான். கந்தன்சாவடி வருவதற்குள் மாலை வாடிவிடும்.

2000இல் டைடல் பார்க் என்ற ஐடி வளாகத்தைத் திறந்தார்கள். பிரதமர் வாஜ்பாய் வந்து திறந்துவைத்தார். அதன்பின் இந்தச் சாலையின் இருபுறமும் கண்ணாடிக் கட்டடங்கள் காளான்போல முளைத்தன. வேலைக்கு ஆட்கள் வந்தார்கள். ஆட்கள் வந்தால் வீடு வேண்டும், வீட்டுக்குத் தண்ணீர் வேண்டும், அது வெளியே போகச் சாக்கடை வேண்டும். இந்த மூன்றில் வீடு மட்டும் வந்தது, அதை பில்டர் கட்டினார் என்பதால். மற்ற இரண்டும் அரசாங்கத்தின் வேலை.

அரசாங்கத்துக்கு வேறு வேலை இருந்தது. டோல்கேட் கட்டிக்கொண்டிருந்தது. ஒன்றல்ல, ஐந்து. பெருங்குடியில் ஒன்று, நாவலூரில் ஒன்று. குறுக்கு வழியில் நுழைந்து எவனாவது தப்பிவிடுவானோ என்ற சந்தேகத்தில் துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் ஒன்று, மேடவாக்கம் பக்கம் ஒன்று, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து வருகிற வழியில் அக்கரையில் ஒன்று. மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்டுபிடிக்க முடியாத நிர்வாகம், கார் எந்தச் சந்தில் ஓடும் என்பதை மட்டும் துல்லியமாகக் கண்டுபிடித்திருந்தது.

2011இல் பெருங்குடி, சோழிங்கநல்லூர் எல்லாம் மாநகராட்சிக்குள் வந்தன. சொத்து வரி ஏறியது. டோல் அப்படியே இருந்தது. தன் ஊருக்குள், தன் வார்டுக்குள், பிள்ளையைப் பள்ளியில் விடச் சுங்கம் கட்டிய குடிமகனை உலகத்தில் வேறெங்கே பார்க்க முடியும்? சோழ ராஜாவுக்கு ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பட்டம் கொடுத்த நாடு இது. அந்தப் பட்டத்துக்குத் தொள்ளாயிரம் வருஷம் கழித்தும் போட்டியில்லாமல் பார்த்துக்கொண்டோம்.

ஆனாலும் டோல் ஒருநாள் போனது. 2021 ஆகஸ்ட் 30இல் நாலு சாவடிகளில் வசூல் நின்றது. எதனால் என்கிறீர்கள்? மக்கள் பட்ட பாட்டைப் பார்த்து மனம் இரங்கியா? இல்லை. மெட்ரோ ரயிலுக்காகச் சாலையைத் தோண்டப்போகிறார்கள் என்பதால். சாலை இருந்தவரை காசு. சாலை போனதும் இலவசம். நாவலூர் சாவடி மட்டும் இன்னும் இரண்டு வருஷம் விடாமல் உட்கார்ந்திருந்து, 2023 அக்டோபரில்தான் எழுந்தது.

மெட்ரோ வேண்டாம் என்று சொல்லவில்லை. வரட்டும். இரண்டாம் கட்டம் மொத்தம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி. மாதவரத்தில் கிளம்பி சிறுசேரி சிப்காட் வரும் தடம் நம் தலைக்கு மேலே போகிறது. 2020இல் அடிக்கல் நாட்டினார்கள். மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2024 அக்டோபரில். நடுவில் நாலு வருஷம், இது யார் திட்டம், யார் காசு என்று டெல்லியும் கோட்டையும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தன. கடிதத்துக்கு டிராஃபிக் கிடையாது. பேரிகேட் நமக்கு.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஆறு வழிச் சாலை போட்டபோதே டைடல் பார்க் நின்றுகொண்டிருந்தது. கம்பெனிகள் வரிசையில் நின்றன. இங்கே லட்சம் பேர் வருவார்கள், அவர்களுக்கு ஒரு ரயில் வேண்டும் என்று அன்றைக்கு ஒரு அதிகாரிக்கும் தோன்றவில்லையா? தோன்றியிருக்கும். ஆனால் ஒரே தடவை போட்டால் ஒரே டெண்டர். போட்டு, உடைத்து, மறுபடி போட்டால்? கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இடையில் இந்திரா நகர் சிக்னலில் ஒரு மேம்பாலம் கட்டினார்கள். எதற்கு? யூ டர்ன் அடிக்க. போகிற திசையில் ஒன்றும் நடக்காது, திரும்பிப் போய்விடுவதே நல்லது என்பதைக் காங்கிரீட்டில் ஒப்புக்கொண்ட நகரம் நம்முடையது. அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

இனி தண்ணீர்.

இந்தச் சாலையின் மேற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2022இல் சர்வதேச ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. பூநாரை வரும், வாத்து வரும். தென்சென்னை ஏரிகளின் உபரி நீரெல்லாம் அங்கே வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாக இந்தச் சாலைக்கு அடியில் புகுந்து, பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்ந்து, முட்டுக்காடு பக்கம் கடலுக்குப் போக வேண்டும். இது தண்ணீர் போட்ட திட்டம். நாம் போட்ட திட்டம் வேறு. சதுப்பில் குப்பை கொட்டினோம். கரையில் மண் அடித்துக் கட்டடம் எழுப்பினோம். குறுக்கே சாலையை உயர்த்தினோம். பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும் ‘வரலாறு காணாத மழை’ என்றோம். மழைதான் வரலாறு படிக்கவில்லை, பாவம்.

2015 டிசம்பரில் மூழ்கினோம். 2019 ஜூனில் காய்ந்தோம். தண்ணீர் இல்லை, ஆபீசுக்கு வராதீர்கள், வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று இதே சாலையின் ஐடி கம்பெனிகள் சொல்லின. வீட்டில் மட்டும் தண்ணீர் இருந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், மறுபடி மூழ்கினோம். ஒரே இடம், ஒரே ஜனங்கள். எட்டு வருஷத்தில் முங்கி, காய்ந்து, முங்கி. கருவாட்டுக்குக்கூட ஒரு தடவைதான் இந்த வைத்தியம்.

மாநகராட்சியில் சேர்ந்து பத்து வருஷம் தாண்டியும் பல தெருக்களுக்குக் குழாய்த் தண்ணீர் வரவில்லை, பாதாளச் சாக்கடை வரவில்லை. காலையில் ஒரு லாரி தண்ணீர் கொண்டுவருகிறது. மாலையில் ஒரு லாரி கழிவை எடுத்துப்போகிறது. இரண்டும் ஒரே லாரியா என்று நாங்கள் கேட்பதில்லை. சில கேள்விகளைக் கேட்காமல் இருப்பது உடம்புக்கு நல்லது.

இதையாவது சிரித்துக்கொண்டு எழுதலாம். கண்ணகி நகரையும் செம்மஞ்சேரியையும் அப்படி எழுத முடியவில்லை. நகரத்துக்குள் ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் குடிசை போட்டிருந்தவர்களை, இங்கே இருந்தால் வெள்ளம் வரும், ஆபத்து என்று சொல்லி லாரியில் ஏற்றினார்கள். ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிய இடம் இந்தச் சதுப்பின் ஓரம். பூ விற்றவரும் வீட்டு வேலை செய்தவரும் பழைய பிழைப்புக்குத் திரும்ப இருபது கிலோமீட்டர் பஸ் ஏற வேண்டும், இதே எக்ஸ்பிரஸ்வேயில். வெள்ளம் மட்டும் பஸ் ஏறாமலே அவர்களைத் தேடி வந்தது. வெள்ளத்திலிருந்து காப்பாற்ற வெள்ளத்துக்குள் குடிவைத்த இந்தத் திட்டத்துக்கு மறுவாழ்வு என்று பெயர். இந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் வீடாவது செம்மஞ்சேரியில் இருக்கிறதா?

மிக்ஜாம் ஓய்ந்த மறுநாள் எங்கள் அடுக்ககத்தில் மின்சாரம் இல்லை. சம்ப்புக்குள் தெருத் தண்ணீர் புகுந்துவிட்டது. குடிக்க ஒரு சொட்டு இல்லை. வாசலில் முழங்கால் ஆழம். மூன்றாம் மாடியிலிருந்து பார்த்தால் சாலை ஏரியாகவே தெரிந்தது. அங்கே இருந்தது ஏரிதானே! அடுக்ககச் சங்கச் செயலாளர் தண்ணீர் லாரிக்காரருக்குப் போன் போட்டுக் கெஞ்சிப் பார்த்தார். பிறகு, சார்ஜ் மிச்சமிருந்த ஏழெட்டு போன்களுக்கு அவரிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் வந்தது.

“தண்ணீர் அதிகமாக இருப்பதால் இன்று தண்ணீர் வராது.”