சென்னையில் குளிர் உண்டாகுமாறு

சென்னையில் குளிர்காலம் உண்டா, இல்லையா? இல்லை என்பார் கட்சிக்குச் சான்று வலுவாகவே இருக்கிறது. நுங்கம்பாக்கம் வானிலை நிலையப் பதிவில் ஆகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி செல்சியஸ். அதுவும் 1895 டிசம்பரிலும் 1905 ஜனவரியிலும். அதற்குப் பிறகு குளிர் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சாதாரண ஜனவரி விடியலில் 21 டிகிரியை ஒட்டி நிற்கும். ஆனால் மார்கழி பிறந்ததும் கைப்பேசியில் வந்து விழும் படங்களைப் பாருங்கள்: மயிலாப்பூர் மாடவீதி பனி மூடிக் கிடக்கிறது, பெரியவர்கள் நடுங்குகிறார்கள், நாய்கள் சுருண்டு கிடக்கின்றன. இம்முரணுக்கு விடை காண்பதே இவ்வாய்வு. நம் துணிபு வருமாறு: சமவெளிக் குளிர்காலம் வானத்திலிருந்து இறங்குவதன்று, அமெச்சூர் புகைப்படக்காரர் விளைவிப்பது.

அமெச்சூர் என்பார் யாரெனின், வேறொரு வேலையில் சம்பளம் வாங்கி அதை லென்ஸில் போடுபவர். கல்யாணத்துக்குப் படம் எடுப்பவர் இதில் அடங்கார். அவர் வெளிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பார். இவர் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டே நிற்பார்.

விளைச்சலுக்கு முதல் மூலப்பொருள் ஆவி. சென்னை விடியலில் கன்னம் வலிக்க ஊதினாலும் மூச்சு வெள்ளையாகத் தெரியாது. ஆகவே டீக்கடை. கொதிக்கும் பாலிலிருந்து எழும் ஆவி கண்ணுக்குத் தெரிவது நுண்ணிய நீர்த்துளிகளால். துளிகள் தம்மேல் படும் ஒளியைப் பெரும்பாலும் போகிற திசையிலேயே சிதறவிடும்; அதனால் விளக்கு நம் முதுகுப் பக்கம் இருந்தால் ஒன்றும் தெரியாது, எதிரே இருந்து பின்னணியும் இருட்டாக அமைந்தால் திகுதிகுவென எழும்பும். அமெச்சூர் ஏன் மற்றவர்களைப்போலக் கடைக்கு முன்னால் நில்லாமல், பாய்லருக்குப் பின்புறம், பால் பாக்கெட் டப்பாவுக்கும் கிளாஸ் கழுவும் வாளிக்கும் நடுவே ஒடுங்கி நிற்கிறார் என்பது இதனால் விளங்கும். அங்கே கேட்ட உரையாடல் ஒன்று சான்றாகத் தரப்படுகிறது:

“மாஸ்டர், இன்னொரு வாட்டி ஆத்துங்க. கை கொஞ்சம் ஒசக்க.”

“ஆறிப்போச்சு சார். இனிமே ஆத்துனா நுரைதான் வரும், ஆவி வராது.”

“அப்ப புதுசா ஒண்ணு போடுங்க.”

“போட்டது எல்லாம் அப்படியே நிக்குது. யாரு குடிக்கிறது?”

“அந்த அண்ணனுக்குக் குடுங்க, என் கணக்குல.”

அந்த அண்ணன் கட்டட வேலைக்குப் போகிறவர். நடுங்கவே இல்லை. ஆனால் அச்சிட்ட படத்தில் நடுங்குகிறார்.

தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்னும் பாகுபாட்டை இப்படங்களுக்குப் பொருத்தி எவரும் நோக்கியதாகத் தெரியவில்லை, பெருங்குறை. மார்கழியும் தையும் முன்பனி என்பது பழங்கணக்கு. அக்காலத்துக்குரிய சிறுபொழுது இங்கே வைகறை. அலாரம் அணைக்கப்பட்டால் விடியல். நிலம், கோயிலைச் சுற்றிய தெரு. கருப்பொருளில் மக்கள் என்பது மங்கி குல்லா போட்ட பெரியவர். 21 டிகிரிக்குக் குல்லா எதற்கு எனின், பனி காது வழியாக இறங்கும் என்பது இம்மக்களின் தொன்மையான உடலியல் கொள்கை. மா, அடுப்புச் சாம்பலில் படுத்த நாய். பூ, கோலத்து நடுவில் சாணி உருண்டையில் செருகிய பூசணிப்பூ. பறை, திருப்பாவை ஒலிபெருக்கி; படத்தில் கேட்காது, தலைப்பில் கேட்கும். உரிப்பொருள் காத்திருத்தலும் காத்திருத்தல் நிமித்தமும்: சைக்கிள் வரக் காத்திருத்தல், கார் நகரக் காத்திருத்தல், கோலம் போடும் மாமி மறுபடி குனியக் காத்திருத்தல். (“குனிஞ்சே இருங்கோன்னா எப்படிப்பா, இடுப்பு போறது” என்பது மாமி கூற்று.) அற்றேல், முல்லைக்குரிய இருத்தலே அன்றோ இது எனின், அற்றன்று. முல்லையில் காத்திருப்பவள் தலைவி. இங்கே காத்திருப்பவர் தலைவர். தலைவி பால் வாங்கி வந்து காபியைக் குடித்துவிட்டு வேறு வேலை பார்க்கிறாள்.

நிற்க. ஆவியும் குல்லாவும் சேர்ந்தும் படம் குளிரவில்லையென்றால் கேமராவுக்குள்ளேயே குளிரூட்டும் வழி உண்டு. வொயிட் பேலன்ஸ் என்னும் அமைப்பு கெல்வினில் அளக்கப்படுகிறது. பகல் ஒளிக்கு 5500 வைப்பது வழக்கம். அதை மஞ்சள் பல்புக்கு உரிய 3200-க்கு இறக்கினால் தெரு முழுதும் நீலம் பூத்துவிடும். ஒரு விரலசைவில் 2300 டிகிரி இறக்கம். இமயமலையால் இது முடியுமா?

அடுத்தது இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு. குளிர்நாடுகளில் தெருவிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தால் கேமராக் கண்ணாடியில் ஈரம் படியும். சில்லென்ற கண்ணாடியை வெதுவெதுப்பான ஈரக்காற்று தொடுவதால் வரும் வினை. சென்னையிலோ இது தலைகீழ்: ஏசி அறையில் இரவெல்லாம் கிடந்த கேமராவை வாசலுக்கு எடுத்து வந்த கணமே லென்ஸ் மங்கிவிடும். எனவே சென்னையின் குளிர்காலம் படுக்கையறையில் நடக்கிறது, வாசற்படியோடு முடிகிறது என்பது பெறப்படும். விவரம் தெரிந்தவர்கள் கேமராவைப் பைக்குள்ளேயே வைத்து அரைமணி நேரம் வெளிக்காற்றுக்குப் பழக்குவார்கள். தெரியாதவர்கள் மங்கிய லென்ஸோடு நாலு படம் எடுத்துவிடுவார்கள். போட்டிகளில் ‘மார்கழிப் பனி’ என்ற தலைப்பில் பரிசு பெறுபவை பெரும்பாலும் இந்த நாலில் ஒன்று என்பது நம் சந்தேகம்.

இது ஏமாற்று என்பாருக்கு முன்னோர் வழக்கைக் காட்டலாம். சென்னையில் புகைப்படச் சங்கம் தொடங்கியது 1850-களில். 1857 டிசம்பரில் கேப்டன் லின்னேயஸ் டிரைப் தம் காகித நெகட்டிவ்களோடு தெற்கே கிளம்பினார். திருவரங்கம், மதுரை, தஞ்சை என்று 1858 ஏப்ரல் வரை சுற்றினார். அக்கால நெகட்டிவ் நீலத்தை அளவுக்கு மீறி உண்ணும். வானம் வெறும் வெள்ளைத் தாளாக விழும். டிரைப் என்ன செய்தார்? நெகட்டிவிலேயே தூரிகையால் மேகம் வரைந்தார். நம் வானிலைக்குத் தூரிகை போட்டு 160 ஆண்டுக்கு மேலாகிறது. நம்மாள் வெறும் கெல்வினைத் திருகுகிறார்.

ஊட்டி தலைகுந்தாவில் புல்லெல்லாம் உறைபனி கொட்டிக் கிடக்கிறதே எனின், அது தானாக விளைவது. நம் ஆய்வெல்லைக்குள் வராது. மேலும் அங்கே போன அமெச்சூர் பாக்கெட்டிலிருந்து கையை எடுப்பதில்லை. குளிரில் பேட்டரியும் சீக்கிரம் படுத்துவிடுகிறது.

சென்னையில் அமெச்சூருக்கு இயற்கையும் ஊராரும் கூடி உதவுவது போகியன்றுதான். தரையோரம் தேங்கிய ஈரக்காற்றில் பழம்பாயும் டயரும் எரிந்த புகை கலந்து, 2018 போகியன்று விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. அன்று எடுத்த படங்களுக்குக் கெல்வின் திருகத் தேவையில்லை. இருமல் மருந்து போதும்.

இத்தனை பாடுகளுக்கிடையே ஒன்று விட்டுப்போகிறது. ஊரில் குளிர் இல்லையே தவிர, குளிர்கால வெளிச்சம் மெய்யாகவே உண்டு. டிசம்பர் 21-இல் சென்னை நடுப்பகலில் சூரியன் 53 டிகிரி உயரத்தோடு நின்று தெற்கே சாய்ந்துவிடுகிறது. பத்தடிக் கம்பத்துக்கு ஏழடிக்கு மேல் நிழல். அதே கம்பத்துக்கு ஏப்ரல் கடைசி வாரத்தில் நிழலே காலடியில் ஒளிந்துகொள்ளும். வடக்கு மாடவீதியில் தெற்குப் பார்த்த வாசல்களில் மதியம் பன்னிரண்டு மணிக்கும் வெயில் படியேறி வருகிறது. பூக்கட்டும் அம்மாளின் ஈர வாழைநாரில் ஒவ்வொரு இழையும் தனியாக மின்னுகிறது. பாத்திரக் கடைப் பித்தளைக்கு இந்த இரண்டு மாதம்தான் நல்ல முகம். இன்னொன்று: பகல் மிகக் குறுகுவது டிசம்பரில் என்றாலும் சூரியன் மிகப் பிந்தி எழுவது ஜனவரி மூன்றாம் வாரத்தில், 6.36 வாக்கில். பொங்கல் முடிந்ததென்று முக்காலியை மடக்கிப் பரணில் போட்ட பிறகு வருகிற விடியல்கள் அவை. இவற்றையெல்லாம் எடுத்த படம் ஏன் அகப்படுவதில்லை என்று துருவியதில் காரணம் எளிதாகவே கிட்டியது. நண்பகலில் மேற்படி கலைஞர் தூங்குகிறார். நாலரைக்கு எழுந்தவர் அல்லவா? ஃபேன் ஐந்தில் ஓடுகிறது.