ஒரே தவாவில் மெக்ஸிகோவும் இத்தாலியும்

மெக்ஸிகோவுக்கோ இத்தாலிக்கோ ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து சமைக்கலாம் என்று எண்ணியிருந்தால் முதலில் அதைக் கைவிடுங்கள். அங்கே சாப்பிட்டு வந்தவர்களால் இந்தச் சமையலைச் செய்ய முடிவதில்லை, கை கூசுகிறது. மும்பையின் செம்பூர் ஸ்டேஷனிலிருந்து டயமண்ட் கார்டன் வரை ஒரு நடை போய்வந்தால் போதும். வாங்க வேண்டியவை: அமெரிக்கன் கார்ன் என்ற பெயரில் விற்கும் மக்காச்சோள மணி, ஷிம்லா மிர்ச் (குடைமிளகாய் என்று கேட்டால் பாஜிவாலா விழிப்பார்), வெண்ணெய், சீஸ், கெச்சப். ஒரிகானோவும் சில்லி ஃப்ளேக்ஸும் காசு கொடுத்து வாங்குகிற பொருள்கள் அல்ல. பீட்சா வரவழைக்கும் எந்த வீட்டிலும் ஃப்ரிட்ஜ் கதவுத் தட்டில் அந்தக் குட்டிப் பொட்டலங்கள் குவிந்து கிடக்கும். கேட்டால் சந்தோஷமாகத் தள்ளிவிடுவார்கள்.

அடுத்து இலக்கணம். மும்பை மெனு கார்டில் தேச எல்லைகள் மிகத் தெளிவானவை. சோளமணி விழுந்தால் மெக்ஸிகன். ஒரிகானோ விழுந்தால் இத்தாலியன். இரண்டும் விழுந்தால் ஃப்யூஷன். அதற்குத் தனி விலை. செஸ்வான் சட்னி விழுந்தால் சைனீஸ். இதில் உறுத்தல் எதுவும் வேண்டாம். கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங், 1975-இல் இதே மும்பையின் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாயோடு சோயா சாஸைச் சேர்த்து சிக்கன் மஞ்சூரியனைப் படைத்தார் என்பது ஊரறிந்த கதை. மஞ்சூரியாவிலிருந்து யாரும் இதுவரை ஆட்சேபித்து ஆள் அனுப்பவில்லை. அந்தத் தைரியத்தில்தான் நாம் அடுத்த இரண்டு நாடுகளுக்குள் இறங்குகிறோம்.

பாத்திரம் ஒன்றே ஒன்று: தவா. மாவும் ஒன்றே: தோசை மாவு. வழிமுறையைப் பக்கத்து ஊரான காட்கோபரின் காவ் கல்லியிலிருந்து கடன் வாங்கலாம். ஜினி தோசை என்று அங்கே ஒன்று உண்டு. மாவை ஊற்றிப் பரப்பி, அது வேகத் தொடங்குமுன்பே நடுவில் ஒரு கட்டி வெண்ணெய். அதன்மேல் பொடியாக நறுக்கிய கோஸ், குடைமிளகாய், வெங்காயம். செஸ்வான், கெச்சப். பாவ் பாஜி மசிக்கும் மத்தால் எல்லாவற்றையும் தோசையின் முதுகிலேயே வைத்து நசுக்கி, ஓரம்வரை இழுத்துப் பூசி, சீஸைத் துருவி, நீளவாக்கில் வெட்டிச் சுருட்டி, சுருள்களைத் தட்டில் நிற்கவைத்து, அவை நிற்கிற அழகு தெரியாதபடி மறுபடியும் சீஸ். இதில் செஸ்வானை எடுத்துவிட்டுச் சோளமணியும் ஒரிகானோவும் போடுங்கள். முடிந்தது, மெக்ஸிகன் இத்தாலியன் ஃப்யூஷன் தோசை.

தோசை முறுகலாக இருக்குமா என்று கேட்பவர்கள் இந்தக் கலைக்குப் புதியவர்கள். அடியில் இருப்பது தோசை என்று நாக்கு கண்டுபிடித்துவிட்டால் நீங்கள் சீஸ் போதுமான அளவு போடவில்லை. தவா முன்னால் நிற்பவரை ஊரே அண்ணா என்று கூப்பிடும். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரராக இருந்து, நீங்கள் தமிழில் ஒரு சாதா தோசை கேட்டுவிட்டால், கரண்டி ஒரு கணம் நிற்கும். “சாதாவா? அத யாரு சார் இப்ப கேக்காவ?” என்பார். பிறகு பழக்கம் விட்டுப்போன கையால் ஒன்று ஊற்றித் தருவார். அது கடையிலேயே நல்ல தோசையாக இருக்கும். ஆனால் நாம் பேசவந்தது அதைப் பற்றி அல்ல.

சீஸ் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை மட்டும் உண்டு. ஆர்வ மிகுதியில் வெளிநாட்டிலிருந்து வரும் அசல் பார்மிஜானோ ரெஜியானோவை வாங்கிவிடாதீர்கள். கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டில்தான் அதன் பாலை உறையவைக்க வேண்டும் என்பது அந்த ஊர் விதி. பாட்டி இருக்கிற வீட்டில் இதைச் சமைத்தபின் சொல்வதைவிட வாங்குமுன் தெரிந்துகொள்வது நல்லது. பச்சைப்புள்ளி போட்ட அமுல் இருக்கிறது. நுண்ணுயிர் ரென்னட், பாட்டிக்கும் ஆட்சேபம் இல்லை. உருகியபின் பீட்சாவா டாகோவா என்று அதற்கே தெரியாது. நமக்கும் வேண்டியது அதுதான்.

விருந்தாளிகள் வந்தால் என்ன செய்வது? செம்பூர் ஹவுசிங் சொசைட்டியில் மாடிக்கு ஒரு சமையல் சாஸ்திரம். ஜெயின் குடும்பம் வருகிறதென்றால் வெங்காயம், பூண்டு, உருளை மூன்றும் வெளியே, வாழைக்காய் உள்ளே. இதில் நமக்கும் ஓர் ஆதாயம் உண்டு: அமாவாசையன்று அதே ஜெயின் தோசையை வீட்டுப் பெரியவர்களுக்கும் கொடுக்கலாம். சிந்திக் குடும்பம் வருகிறதென்றால் நீங்கள் எதுவும் சமைக்க வேண்டாம். அவர்களையே கொண்டுவரச் சொல்லுங்கள். 1947 பிரிவினைக்குப்பின் அகதிகளாக வந்தவர்கள் குடியேறிய செம்பூர் கேம்ப்பில் காலை வேளையில் தால் பக்வான் கிடைக்கும். மொறுமொறுவென்று பொரித்த மைதா வட்டம், அதன்மேல் கடலைப்பருப்பு, புளிச் சட்னி, பொடி வெங்காயம். சோள ரொட்டியைப் பொரித்து, மேலே பயறும் சல்சாவும் குவித்தால், அதை மெக்ஸிகோவில் டோஸ்டாடா என்கிறார்கள். மாவு வேறு, பருப்பு வேறு, கடிக்கும்போது மடியில் சிதறுவது மட்டும் ஒன்றே. ஃப்யூஷன் என்று பலகை மாட்டாமலேயே சிந்திகள் இதைத் தலைமுறைகளாகச் செய்துவருகிறார்கள் என்பது வியாபார ரீதியில் பெரிய கவனக்குறைவு.

இனி வருவது, உண்மையாகவே இரண்டு சமையலையும் சேர்க்க ஆசைப்படும் பிடிவாதக்காரர்களுக்கு. கடைக்காரர்கள் தாண்டிப் போகலாம். இதில் லாபம் இல்லை.

நீங்கள் தாமதமாக வந்திருக்கிறீர்கள் என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். தக்காளி மெக்ஸிகோ பக்கத்திலிருந்து ஸ்பெயின் வழியாக இத்தாலிக்குப் போன சரக்கு. 1548-இல் டஸ்கனிப் பிரபுவின் வீட்டுக்கு ஒரு கூடை வந்ததாக எழுத்தில் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று அவர்களுக்குப் பிடிபட நெடுங்காலம் ஆயிற்று. 1690-களில் நேப்பிள்ஸில் வெளிவந்த அன்டோனியோ லத்தீனியின் சமையல் நூலில் ‘ஸ்பானிய பாணி’ என்று ஒரு தக்காளிச் சாஸ் வருகிறது. தக்காளியைத் தணலில் சுட்டு, தோலுரித்து, பொடியாக நறுக்கி, வெங்காயம், மிளகாய், கொஞ்சம் தைம் தழை, உப்பு, எண்ணெய், வினிகர். பாஸ்தாவின் வாசனைகூட இல்லை. மெக்ஸிகோக்காரர் பார்த்தால் சல்சா என்பார். உங்கள் பாட்டி பார்த்தால், கொத்சுக்குக் கத்திரிக்காய் சுடுகிற அதே அடுப்பில் சுட்ட தக்காளிச் சட்னி என்பார். ஆகவே செய்முறையை நான் விளக்கவேண்டியதில்லை. வினிகருக்குப் பதில் புளி போட்டால் லத்தீனி கோபிக்கமாட்டார்.

ஒரிகானோவுக்குப் பொட்டலத்தை நாட வேண்டாம். பால்கனித் தொட்டியில் சளிக்கென்று வளர்க்கும் கற்பூரவல்லியிலும் கார்வக்ரால் என்ற அதே எண்ணெய்தான் மணக்கிறது. இரண்டே இலை, பொடியாக அரிந்து. மூன்று போட்டால் கஷாயம்.

சோள ரொட்டிக்கு அமெரிக்கன் கார்ன் உதவாது. காய்ந்த நாட்டு மக்காச்சோள மணி ஒரு கிலோவுக்குப் பத்து கிராம், உண்ணக்கூடிய சுண்ணாம்பு. வெற்றிலை போடுகிற வீட்டில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுண்ணாம்பு கரைத்த நீரில் சோளத்தைக் கொதிக்கவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் தோல் கழலத் தேய்த்து, நன்றாகக் கழுவி, கோயமுத்தூர் கிரைண்டரில் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கெட்டியாக அரையுங்கள். மெக்ஸிகோவின் மாசா இதுதான். கல் சுற்றுகிற கிரைண்டரை வீட்டில் வைத்திருக்கும் மாமியைவிட இதற்குத் தகுதியானவர் செம்பூரில் வேறு யார்? மாவை வாழையிலையில் மடித்து வேகவைத்தால் தென்மெக்ஸிகோவின் தமாலே. பாலக்காட்டு வீடுகளில் இலையடை செய்த கைகளுக்கு மடிப்பு தானாக வரும். உள்ளே வெல்லமும் தேங்காயும் வைத்துவிடாமல் அந்தக் கைகளைத் தடுப்பதுதான் சிரமம்.

சுண்ணாம்பு எதற்கு, வீண் வேலை என்று சிலர் கேட்பார்கள். இத்தாலியர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். மெக்ஸிகோவின் சோளத்தை எடுத்துக்கொண்டு சுண்ணாம்பை அங்கேயே விட்டுவிட்டார்கள். சுண்ணாம்பில் வெந்தால்தான் சோளத்தில் பூட்டிக் கிடக்கும் நியாசின் என்ற வைட்டமின் உடம்பில் சேரும். வட இத்தாலியின் ஏழை விவசாயிகள் பொலெண்டா என்ற வெறும் சோளக் களியையே தின்று பிழைத்த 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பெல்லாக்ரா அவர்களை வாரிக்கொண்டு போனது: தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலித்து, சாவு. மெக்ஸிகன் இத்தாலியன் ஃப்யூஷனின் முதல் பெரிய முயற்சி இதுதான். இதை எந்த மெனு கார்டிலும் போடுவதில்லை.

எதிர்ப்பக்கப் பயணம் நன்றாகவே முடிந்தது. இத்தாலியிலிருந்து குடிபெயர்ந்த சீசர் கார்தினி மெக்ஸிகோவின் எல்லை ஊரான டிஹுவானாவில் உணவகம் நடத்தினார். 1924-இல் அங்கே பிறந்ததுதான் சீசர் சாலட். இரண்டு நாடும் சேர்ந்து பெற்ற பிள்ளை அது. ரோமச் சக்கரவர்த்திக்கு அதில் பங்கில்லை. செம்பூரில் இதைப் பரிமாற முயல வேண்டாம். பச்சை இலையை ஒரு கிண்ணம் நிறையக் கொடுத்துப் பணம் கேட்டால், கச்சேரி முடிந்து ஃபைன் ஆர்ட்ஸ் அரங்கிலிருந்து பசியோடு வருகிற மாமா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அச்சில் போட முடியாது.

அவருக்குக் கொடுக்க வேண்டியது ஃபிடேயோ செக்கோ. மெல்லிய சேமியாவை எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து, அரைத்த தக்காளி, வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாய்ச் சாற்றில் வேகவிட்டு, ஈரம் வற்றி உதிரியாக வந்ததும் இறக்குவது. மெக்ஸிகோவில் வீட்டுக்கு வீடு செய்கிறார்கள். இத்தாலியின் வெர்மிசெல்லிக்கு ஒன்றுவிட்ட உறவு, ஸ்பானியர்கள் கொண்டுபோன நூல் பாஸ்தா. கூட ஒரு கடுகு தாளிப்பு போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; போட்டால் தக்காளி சேமியா ஆகிவிடும், வீட்டில் டிபனுக்கு மறுபடியும் இதுவா என்ற கேள்வி வரும். கடுகு போடாமல், மேலே கொத்தமல்லித் தழையும் கொஞ்சம் சீஸும் தூவி, சின்னக் கிண்ணத்தில் பாதி மட்டும் வைத்து, பெயரை இழுத்துச் சொல்லிப் பரிமாறுங்கள்.

மிஞ்சினால் எறிய வேண்டாம். மறுநாள் காலை இரண்டு பாவை வெண்ணெயில் வாட்டி, நடுவில் இதை அடைத்துத் தவாவில் அழுத்துங்கள். அதற்கு வேறு பெயர், வேறு விலை.