கடப்பாரைக்கு முன் மல்டிமீட்டர்

மின்வெட்டு முடிந்து தெருவுக்கே கரண்ட் வந்துவிட்டது. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் கண்ட்ரோலருக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லையா? (ராபர்ட்சன்பேட்டை)

சொல்ல வேண்டியது டிரான்ஸ்ஃபார்மர். சுவரில் வரும் 230 வோல்ட்டை அது 24 வோல்ட் ஏசி ஆக்கிக் கொடுக்கிறது. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அதன் வெளியீட்டைத் தொட்டால் 24 முதல் 28 வரை காட்ட வேண்டும். சுவர் பிளக்கில் கரண்ட் இருந்து இங்கே பூஜ்யம் என்றால் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். கரண்ட் போய் வரும்போது எகிறும் வோல்டேஜும் கோடை இடியும் அதற்குப் பெரிய எதிரிகள். இடி முழங்கும் நாளில் பிளக்கைப் பிடுங்கி வைப்பதை விட மலிவான காப்பு இல்லை. 230 வோல்ட் பக்கத்தை எலக்ட்ரீஷியன் மட்டுமே திறக்கலாம்.

திரையில் மணி ஓடுகிறது, "தண்ணீர் பாய்கிறது" என்றும் காட்டுகிறது. செடிதான் அதை நம்ப மறுக்கிறது! (ஆண்டர்சன்பேட்டை)

செடி சொல்வதே சரி. எல்லா வால்வும் ஒன்றாகப் படுத்துவிட்டால் அத்தனைக்கும் பொதுவான இடத்தில் தேட வேண்டும். முதலில் ஃபியூஸ். அடுத்து மழை சென்சாருக்கான இரண்டு முனைகள்: சென்சார் இல்லாத வீட்டில் அவற்றை ஒரு துண்டுக் கம்பி இணைத்திருக்கும், அது கழன்றால் 'மழை பெய்கிறது' என்று எண்ணிக் கண்ட்ரோலர் எல்லா வால்வையும் நிறுத்திவிடும். மூன்றாவது காமன் வயர். எல்லா வால்வுக்கும் திரும்பு பாதை அது ஒன்றே என்பதால், அது அறுந்தால் தோட்டம் முழுவதும் நின்றுவிடும். மூன்றும் சரி என்றால் பம்பு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். கண்ட்ரோலரின் 24 வோல்ட்டால் நேரடியாக மோட்டாரை ஓட்ட முடியாது, நடுவில் ரிலேயோ காண்டாக்டரோ இருக்கும், அது ஒட்டாமலும் போயிருக்கலாம்.

ஒரே ஒரு வால்வு மட்டும் வேலைநிறுத்தம் செய்கிறது. வயரைத் தேடித் தோண்டிவிடலாமா? தங்கவயலில் தோண்டுவது புதிதா என்ன! (சாம்பியன் ரீஃப்)

இங்கே தங்கச் சுரங்கம் 3 கிலோமீட்டர் ஆழம் வரை போனது. வால்வு வயரோ ஓர் அடி மண்ணுக்குள் கிடக்கிறது. அதற்கும் கடப்பாரை கடைசியில்தான். வேலை செய்யாத வால்வின் வயரைக் கழற்றி, நன்றாக ஓடும் வேறொரு வால்வின் முனையில் மாட்டி அந்த முனையை ஓட்டிப் பார்க்க வேண்டும். இப்போது வால்வு திறந்தால் பழுது கண்ட்ரோலரில். திறக்காவிட்டால் வயரிலோ வால்வின் காயிலிலோ.

அடுத்து மல்டிமீட்டரை ஓமுக்கு மாற்றி, கண்ட்ரோலரிலிருந்து கழற்றிய காமன் வயருக்கும் அந்த வால்வு வயருக்கும் இடையே அளக்க வேண்டும். பெரும்பாலான 24 வோல்ட் காயில்கள் 20 முதல் 60 ஓம் வரை காட்டும். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஷார்ட். ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போவதற்கும் இதுவே காரணம். அளவே காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. வால்வுப் பெட்டியைத் திறந்து காயிலை மட்டும் தனியாக அளந்தால் குற்றவாளி காயிலா வயரா என்று தெரிந்துவிடும்.

வயர் நீளமாக இருப்பதால் கரண்ட் களைத்துப் போகிறது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உண்மையா? (மாரிக்குப்பம்)

நீளத்தில் மின்னழுத்தம் குறைவது உண்மை. 1902 ஜூன் 30 அன்று சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் கடந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தபோது, அந்த இழப்பைக் குறைக்கத்தான் அதை உயர் அழுத்தத்தில் அனுப்பினார்கள். ஆனால் 30 மீட்டர் தோட்டத்தில், 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில், போய் வர இழப்பது அரை வோல்ட்டுக்கும் குறைவு. பெரும்பாலும் காரணம் ஜாயின்ட்தான். ஈரப் பெட்டிக்குள் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பைப் பிரித்தால் செம்பு பச்சை பூத்து, லேசாக இழுத்தாலே பொடியோடு கையில் வரும். அதை வெட்டியெறிந்து, பளிச்சென்ற செம்பு தெரியும் வரை வயரைச் சீவி, கிரீஸ் நிரப்பிய நீர்புகா கனெக்டர் போட வேண்டும். இந்தச் சின்னக் கனெக்டரில் காசு மிச்சம் பிடிக்கவே கூடாது. காயிலும் ஜாயின்ட் இரண்டும் சரியென்ற பிறகே பெருச்சாளியையும் மண்வெட்டியையும் சந்தேகித்து நடுவில் தோண்டலாம்.

திறக்கத் தெரிந்த வால்வுக்கு மூடத் தெரியவில்லை. கரண்ட் கோளாறா? (கோரமண்டல்)

ஓடும்போதே அதன் வயரைக் கண்ட்ரோலரிலிருந்து கழற்றிப் பார்க்க வேண்டும். தண்ணீர் நின்றால் கண்ட்ரோலர் அந்த முனைக்கு மின்சாரத்தை விடாமல் கொடுத்துக்கொண்டிருக்கிறது. நிற்காவிட்டால் மின்சாரத்தின் மேல் பழி இல்லை: கையால் திறக்கும் திருகு தளர்ந்திருக்கும், அல்லது ரப்பர் டயஃப்ராமுக்கு அடியில் போர்வெல் மணல் உட்கார்ந்திருக்கும். மெயின் வால்வை மூடி, மேல்மூடியைக் கழற்றி, டயஃப்ராமைக் கழுவி, கிழிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மாட்ட வேண்டும். அதோடு ஃபில்டரையும் கழுவ வேண்டும். அது கிழிந்திருந்தால் அடுத்த வாரமே மணல் திரும்பி வரும்.