மலைக்கு மேல் உயர்ந்த கார்

திருத்தணி முருகனைப் பார்க்க 365 படிகள். காருக்கோ மலை உச்சி வரை தார்ச்சாலை. ஆனாலும் படியிலேயே ஏற்றப்போவதுபோல் சஸ்பென்ஷனை உயர்த்திக்கொள்ளும் பக்தர்கள் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு இந்த பக்தி புரியாது. தயாரிப்பாளர் தந்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதே ஆண்டுத் திருத்தம், மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது.

ரோடு குண்டும் குழியுமாக இருக்கிறதே என்பீர்கள். நியாயம்தான்; ஆனால் ஈர்ப்பு மையமும் கூடவே உயர்ந்து, வளைவில் வண்டி சாயப் பார்க்குமே! இன்சூரன்ஸ் இருக்கிறது என்பதும் அரை ஆறுதல்தான்: சொல்லாமல் செய்த மாற்றம், சொந்தச் சேதத்துக்குப் பணம் மறுக்க நிறுவனத்துக்குக் கிடைத்த பிரசாதம். ஸ்பேனரைத் தொடுமுன் ஆர்டிஓவிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.