ஆவியானதற்கும் சேர்த்து பில்

பிரான்சின் கோன்யாக் வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகப் பிராந்தி வடிக்கும் குடும்பங்கள் பழைய சரக்குக்குச் சொல்லும் விலையைக் கேட்டுப் பேராசை என்பது அநியாயம். ஓக் பீப்பாயில் கிடப்பதில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது. 50 ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். போனது தேவதைகளின் பங்காம். தேவதைகள் பில் கட்டுவதில்லை, ஆகவே நாம் கட்டுகிறோம். அவர்கள் வந்துபோனதற்குச் சாட்சியும் உண்டு: அந்த ஆவியில் செழிக்கும் பூஞ்சை, கிடங்குச் சுவரையும் கூரை ஓட்டையும் கரி பூசியதுபோல் கறுப்பாக்கிவிடும்.

வயதில்தானே ருசி என்பார்கள். மறுக்க முடியாது. யூனி பிளாங்க் திராட்சையின் புளிப்பு வைனைச் செம்புக் கொப்பரையில் இரண்டு முறை வடித்தால் கிடைப்பது நிறமில்லாத காட்டுச் சாராயம். அதற்கு வனிலா மணமும் பதமும் தருவது மரம்தான். ஆனால் நிறத்துக்குக் கேரமலும் இனிப்புக்குக் கொஞ்சம் சர்க்கரையும் சேர்க்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. ஆகவே கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பொன்னிறத்தை வைத்து வயது சொல்லும் ரசிகர் பாதி நேரம் கேரமலுக்கு ஜாதகம் கணிக்கிறார். லேபிளில் எக்ஸ்ஓ என்ற தரம் போட்டால் சரக்குக்குக் குறைந்தது 6 வயது என்றிருந்ததை 2018இல் 10 ஆக்கினார்கள். அப்படியானால் வாங்கிப் பூட்டிவைத்தால் இன்னும் முதிருமே? முதிராது. கண்ணாடிக்குள் போனதும் முதிர்ச்சி நின்றுவிடும். 30 ஆண்டு கழித்துத் திறந்தாலும் 10 வயது எக்ஸ்ஓவுக்கு 10தான். பூட்டிவைத்தவருக்குத்தான் 30 கூடியிருக்கும்.